வெயிலில் மட்டும்

"லீக்கெல்லாம் ஒன்னுமில்லப்பா. ஊத்துறப்ப உங்க கை நடுங்கி வெளிய சிந்துது. அவ்வளவுதான்."

2023 பொங்கல் லீவு முடிந்து சென்னைக்குக் கிளம்பும் அவசரத்தில், பையில் துணியைத் திணித்துக்கொண்டே அப்பாவிடம் இதைச் சொன்னேன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அவர் கேட்டார், பார்த்தேன், கண்டுபிடித்ததைச் சொன்னேன். அவரும் "அப்புடியா, சரி" என்றார். அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் அவர் அந்த மிஷினைத் தொடவில்லை என்பது எனக்கு இந்த மே மாதம்தான் தெரிந்தது.

மிஷின் என்றால் மரம் அறுக்கும் மிஷின். செயின்சா. பேராவூரணி பக்கம் எங்கள் ஊரில் 2018 நவம்பருக்கு முன்பு அப்படி ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. தென்னை விவசாயிக்கு அது எதற்கு? தென்னையை வெட்டுவதற்கா வளர்க்கிறோம்?

நவம்பர் 16 விடியலுக்கு முன்பு கஜா கரையேறியது. எங்களுக்கு மூன்று ஏக்கரில் 210 மரம். விடிந்தபோது 164 மரம் கீழே கிடந்தது. பாதி வேரோடு சாய்ந்தவை, மீதி இடுப்பில் முறிந்தவை. எல்லாம் ஒரே திசையில், யாரோ வகிடெடுத்துச் சீவிய மாதிரி. நான் மூன்று நாள் கழித்துத்தான் ஊர்போய்ச் சேர்ந்தேன். போனில் சார்ஜ் இல்லை, டவர் இல்லை. அப்பா தோப்புக்கு நடுவில் ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். உட்கார வேறு இடமும் இல்லை.

அரசு ஒரு தென்னைக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. 600 ரூபாய் மரத்துக்கு, 500 ரூபாய் அதை வெட்டி அப்புறப்படுத்த. ஒரு ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு வைத்து 1,92,500 ரூபாய். இருபது வருஷம் காய்த்து, இன்னும் நாற்பது வருஷம் காய்க்கவிருந்த ஒரு மரம் 600 ரூபாய், அதன் பிணத்தை எடுக்க 500 ரூபாய் என்பது ஒரு மாதிரியான கணக்கு. ஆனால் அந்த 500ம் போதவில்லை என்பதுதான் நிலவரம். வெளி மாவட்டங்களிலிருந்து ஆட்கள் மிஷினோடு வந்து இறங்கியிருந்தார்கள், அவர்களுக்கு ஊர் ஊராக அழைப்பு. எங்கள் தெருவுக்கு அவர்கள் வருவதற்குள் மரங்களில் வண்டு இறங்கிவிடும். அப்பா தஞ்சாவூர் போய் இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு மிஷின் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் மடியில் வைத்தபடி வந்தார். பதினெட்டு அங்குல பார். அப்போது அவருக்கு அறுபத்தொரு வயது.

அவர் நட்ட மரங்களை அவரே அறுத்தார். இதைப் பற்றி உருக்கமாக எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அன்றைக்கு அங்கே உருக்கம் எதுவும் இல்லை. தை மாதத்துக்குள் இடத்தைக் காலி செய்து கன்று வைக்க வேண்டும் என்ற அவசரம் மட்டுமே இருந்தது. எனக்கும் சொல்லிக்கொடுத்தார். சாய்ந்து கிடக்கும் மரத்தில் எந்தப் பக்கம் இறுக்கம், எந்தப் பக்கம் இழுப்பு என்று பார்க்காமல் வாளை வைத்தால் கவ்விக்கொள்ளும். பெட்ரோல் ஊற்றுவதற்கு முன் இன்ஜின் ஆறட்டும். ஊற்றிய இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணாதே, மூன்று எட்டு தள்ளிப் போ. இந்த மூன்று எட்டு கதையை மட்டும் ஒரு நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

*

அவருக்குக் கை நடுக்கம் 2022இல் ஆரம்பித்தது. முதலில் வலது கட்டைவிரல். அப்புறம் சும்மா இருக்கும்போது கையே. டாக்டர் பார்த்துவிட்டு நடுக்குவாதத்தின் ஆரம்பம் என்றார், மாத்திரை எழுதினார். அதனால் அடுத்த பொங்கலுக்கு நான் ஊருக்கு வந்தபோது, "தம்பி, மிஷினு ஒழுவுது. சத்தமும் சரியில்ல, விட்டுப் புடிக்கையில கத்துது. என்னான்னு பாரு" என்று அப்பா சொன்னபோது, என் மனதில் பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. அந்தப் பதிலை நிரூபிக்கத் தேவையான அளவுக்கு மட்டும் பார்த்தேன்.

என்ன பார்த்தேன் என்று சொல்கிறேன். பெட்ரோல் கேப்பைச் சுற்றி மரத்தூள் ஈரமாக அப்பியிருந்தது. கேப்பில் இருக்கும் ரப்பர் வளையத்தை மாற்றினேன். நானே டேங்கை நிரப்பினேன். மோட்டார் கொட்டகையில் தினத்தாளை விரித்து அதன்மேல் ராத்திரி முழுக்க வைத்தேன். விடிந்து பார்த்தால் பேப்பர் காய்ந்து கிடந்தது, ஒரு பொட்டு ஈரம் இல்லை. நான் ஊற்றினால் ஒழுகவில்லை. அப்பா ஊற்றினால் ஒழுகுகிறது. இரண்டு சோதனைக்கும் உள்ள வித்தியாசம் அப்பா. ஆகவே அப்பாதான் பழுது.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தத் தர்க்கம் நன்றாகத் தெரியும். வாடிக்கையாளர் ஒரு பிழையைச் சொல்வார். நம் கணினியில் ஓட்டிப் பார்ப்போம். நமக்கு வராது. "எங்களால் திரும்ப வரவழைக்க முடியவில்லை" என்று ஒரு வரி எழுதி டிக்கெட்டை மூடிவிடுவோம். கொஞ்சம் சீனியர் ஆனபின் அந்த ஒரு வரியும் எழுதுவதில்லை, 'யூசர் எர்ரர்' என்று ஒரு லேபிள் இருக்கிறது, அதை ஒட்டிவிட்டால் போதும். பத்து வருஷத்தில் எத்தனை பேர் தலையில் அதை ஒட்டியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. அவர்கள் எல்லாருக்கும் அப்பா என்று ஒருவர் இருப்பார், அல்லது அவர்களே யாருக்காவது அப்பாவாக இருப்பார்கள் என்றெல்லாம் அந்தச் சமயத்தில் தோன்றாது.

*

இந்த வருஷம் மே மாதம் இரண்டு வாரம் ஊரிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று வந்திருந்தேன். கோடை மழைக்கு முன்னால் ஒரு காற்று அடிக்குமே, அதில் வாய்க்கால் ஓரத்துப் பூவரசு தோப்புப் பாதையை மறித்து விழுந்தது. அறுக்க ஆள் கேட்டதற்கு மூவாயிரம் சொன்னார்கள். "நம்மகிட்டதான் மிஷின் இருக்கே, நானே அறுக்குறேன்" என்றேன். அப்பா கயிற்றுக் கட்டிலில் இருந்தபடி, "ம், பாத்து" என்றார். கூட வருகிறேன் என்று சொல்லவில்லை. முன்பெல்லாம் நான் கத்தியை எடுத்தால்கூடப் பின்னாலேயே வந்து நிற்பவர்.

மிஷின் கோணிப்பைக்குள் சுற்றி, பரணில் இருந்தது. எடுத்துப் பார்த்தால் டேங்க் காலி. சும்மா காலியில்லை. பெட்ரோலை வடித்து, மிச்சம் இருந்ததை ஓடவிட்டுத் தீர்த்து, பாரைத் துடைத்து எண்ணெய் தடவி, செயினை மண்ணெண்ணெயில் கழுவி வைத்திருந்தார். மறுபடி எடுக்கும் உத்தேசம் இல்லாதவர் அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தார்.

ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூடி ஆயில். ஒன்றுக்கு ஐம்பது. கலந்து, டீ வடிகட்டியில் வடிகட்டி ஊற்றி, பத்து மணிக்கு அறுக்க ஆரம்பித்தேன். முதல் டேங்க் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. இரண்டாவது டேங்கில் ஆக்ஸிலேட்டரை விட்டபிறகும் செயின் மெதுவாக ஊர்ந்துகொண்டே இருந்தது. கையை எடுத்தால் செயின் அசையாமல் நிற்க வேண்டும், அதுதான் விதி. இது ஊர்ந்தது, கொஞ்ச நேரத்தில் ஐடிலிங்கில் தானாகவே வேகம் ஏறிக் கத்தியது. விட்டுப் புடிக்கையில கத்துது. அணைத்து, மரத்துண்டின் மேல் வைத்துவிட்டு மோர் குடிக்கப் போனேன். மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும், கத்திரி வெயில்.

திரும்பி வந்தபோது மரத்துண்டு கறுப்பாக நனைந்திருந்தது. பெட்ரோல் வாசனை நாலடி தள்ளியே அடித்தது.

அந்த நிமிஷம் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். 'கேப்பை நாம சரியா மூடல போலருக்கு' என்றுதான் தோன்றியது. என் கை நடுங்குவதில்லை என்பதால் எனக்கு 'கவனக்குறைவு' என்று ஒரு கௌரவமான காரணம் கிடைத்தது. கேப்பைத் தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் பொங்கல் லீவு ஞாபகம் வந்தது. வெயிலில் நின்றபடியே கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

ஒழுகலைக் கண்டுபிடிப்பதில் முதல் கேள்வி எங்கே ஒழுகுகிறது என்பது இல்லை, என்ன ஒழுகுகிறது என்பது. செயின்சாவில் இரண்டு டேங்க். ஒன்றில் பெட்ரோல், இன்னொன்றில் செயினுக்கான ஆயில். செயின் ஆயில் எப்போதும் கொஞ்சம் சொட்டிக்கொண்டுதான் இருக்கும், அதைப் பார்த்துப் பயந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. பேப்பரில் தொட்டு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். செயின் ஆயில் பிசுபிசுப்பாக அப்படியே நிற்கும். பெட்ரோல் பரவி, கண்ணெதிரே காய்ந்து, டூடி ஆயிலின் சாயத்தை மட்டும் ஒரு வளையமாக விட்டுப்போகும். என் பேப்பரில் வளையம் விழுந்தது.

அடுத்தது கழுவுவது. 2023இல் நான் செய்யாத வேலை இது. மரத்தூள் பஞ்சு மாதிரி. கீழே ஒரு மூலையில் ஒழுகும் பெட்ரோலை உறிஞ்சி, மிஷின் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கேப் பக்கத்தில் ஈரம் இருந்தால் கேப் ஒழுகுகிறது என்று அர்த்தமில்லை, அங்கே தூள் அதிகம் அப்பியிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். பழைய பிரஷ்ஷால் எல்லா இடுக்கையும் தேய்த்துக் கழுவி, நிழலில் காயவைத்தேன்.

அதற்குப் பிறகு மாவு மாதிரி ஏதாவது தூவ வேண்டும். காய்ந்த பொடியில் ஈரம் பட்டால் அந்தக் கோடு பளிச்சென்று தெரியும். முகப்பவுடர் வீட்டில் தீர்ந்துபோயிருந்தது. அம்மா சாமி மாடத்திலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். "எதுக்குடா?" என்றாள். சொன்னேன். "சாமிதான் காட்டிக்குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மிஷினைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் பட்டை பட்டையாகத் திருநீறு பூசி, டேங்கை நிரப்பி, காலையில் மோட்டார் கொட்டகையில் வைத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆகியும் சொட்டு ஈரம் இல்லை. 2023 மாதிரியேதான்.

இந்த முறை நிறுத்தவில்லை. அம்மாவிடம் கொல்லை அடுப்பை மூட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மிஷினைத் திறந்த வெளியில் நடு வெயிலில் கொண்டுபோய் வைத்தேன். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி பக்கமே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிப் போகும். அப்பாவின் மூன்று எட்டு அதற்குத்தான்.

முக்கால் மணி நேரத்தில் அடிப்பக்கத் திருநீற்றில் ஒரு கறுத்த கோடு இறங்கியது.

காரணம் எளிமையானது, நான் அதை முன்பே யோசித்திருக்க வேண்டும். டேங்கில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய வெளிக்காற்றை உள்ளே விடும், உள்ளே இருப்பதை வெளியே விடாது. ஒருவழிப் பாதை. நிழலில் குளிர்ந்து கிடக்கும்போது டேங்குக்குள் அழுத்தம் எதுவும் இல்லை. வெயிலிலோ இன்ஜின் சூட்டிலோ பெட்ரோல் ஆவியாக, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. சூடாக இருக்கும்போது கேப்பைத் திறந்தால் 'உஸ்' என்று வருமே, அது. அந்த அழுத்தம் பெட்ரோலை டேங்கிலிருந்து கார்ப்பரேட்டருக்குப் போகும் குழாய்க்குள் தள்ளுகிறது. குழாயில் ஓட்டை இருந்தால் அந்த வழியாக வெளியே வரும். நான் மார்கழிக் குளிர் விடாத ஒரு தை மாத ராத்திரியில், கொட்டகைக்குள் வைத்துச் சோதித்தேன். அப்பா மத்தியானத்தில், தோப்பில், வேலைக்கு நடுவில் பயன்படுத்தினார். எனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் கை இல்லை, வெயில்.

ஒழுகக்கூடிய மற்ற இடங்களையும் பார்த்துவிட்டுத்தான் குழாயில் கையை வைத்தேன், மறுபடி அவசரப்பட எனக்குத் தைரியமில்லை. ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தேன். கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் ஊசி வால்வு சரியாக உட்காராவிட்டால் பெட்ரோல் அந்தப் பெட்டிக்குள்தான் தேங்கும். காய்ந்திருந்தது. கேப்பைச் சுற்றித் திருநீறு வெள்ளை வெளேர் என்று இருந்தது. காற்று வால்வும் அப்படியே.

பின்பக்கக் கைப்பிடியும் டேங்கும் ஒரே வார்ப்பு. அது இன்ஜினோடு நேரடியாக இணைந்திருக்காது, அதிர்வு கைக்கு வராமலிருக்க நடுவில் ஸ்பிரிங், ரப்பர். அதனால் அறுக்கும்போதெல்லாம் டேங்க் ஒரு பக்கம் ஆடும், இன்ஜின் ஒரு பக்கம் ஆடும், நடுவில் இந்தக் குழாய் மடங்கி மடங்கி நிமிரும். 164 தென்னைக்கு மடங்கியது. அதற்குப் பிறகு ஊரார் மரத்துக்கெல்லாம் மடங்கியது. கழற்றி எடுத்து நேராகப் பிடித்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. ஆட்டுக்கு மருந்து ஊற்றும் சிரிஞ்சை ஒரு முனையில் செருகி, மறுமுனையை ஒரு ஸ்க்ரூவால் அடைத்து, சொம்புத் தண்ணீரில் முக்கி அழுத்தினேன். குமிழி வரவில்லை. வளைத்துப் பிடித்து அழுத்தியதும் வரிசையாக வந்தது. டேங்கை விட்டு வெளியேறும் இடத்தில், அடிப்பக்கத்தில், பனிவெடிப்பு மாதிரி நான்கைந்து கீறல்கள். அதில் ஒன்று ஆழம்.

சத்தமும் இதனால்தான். இன்ஜின் ஓடும்போது குழாய் பெட்ரோலை உறிஞ்சுகிறது, அப்போது அதே கீறல் வழியாகக் காற்றும் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் இன்ஜின் வேகம் ஏறிக் கத்தும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கான ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது, எனவே பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் பிஸ்டனில் கோடு விழுந்து மிஷின் காலி. ஒழுகுது, சத்தம் சரியில்லை என்று அப்பா சொன்னது இரண்டு புகார் இல்லை. ஒரே பழுதின் இரண்டு முகம். அவர் இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னார். நான் எனக்குத் தோதான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

*

அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"நீ அன்னைக்குச் சொல்லிட்டுப் போனீல்ல, மறுநாளே மிஷின கழுவி மேல ஏத்திட்டாங்க. நம்ம கை நமக்கே தெரியல பாருன்னாங்க. அப்புறம் மொபெட்ட எடுக்குறத விட்டாங்க. அருவாளும் தொடுறதில்ல. இப்ப டீய அரை டம்ளர்தான் ஊத்தச் சொல்றாங்க, முழுசா ஊத்துனா சிந்திருமாம். ஒரு நாளும் சிந்துனதில்லடா."

நடுக்குவாதம் உண்மைதான். அது என் வாக்கியத்தால் வந்த வியாதி இல்லை, அந்த வாக்கியம் இல்லாவிட்டாலும் மொபெட் என்றைக்காவது நின்றிருக்கும். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மனிதர் தன் கையை நம்புவதா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டிருந்த சமயத்தில், நான் பையைக் கட்டிக்கொண்டே சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். அதுவும் பொய்ச் சாட்சி.

மறுநாள் குழாயைத் தூக்கிக்கொண்டு பட்டுக்கோட்டை போனேன். விவசாயக் கருவி ரிப்பேர் பார்க்கும் ஓர் அண்ணன், கையில் வாங்கி வளைத்துப் பார்த்ததுமே சொன்னார்.

"மோல்டிங் ஹோஸு தம்பி இது. டேங்க் ஓட்டையில உக்கார்ற இந்தக் கழுத்து இருக்குல்ல, இதுதான் சீலே. சாதா பெட்ரோல் டியூப்ப நான் சொருகித் தந்துருவேன், ஒரு மாசம் ஓடும். அப்புறம் அந்த ஓட்டையில ஒழுவும். வேணுமா?"

வேண்டாம் என்றேன். வரவழைக்க நான்கு நாள் ஆகும் என்றார். பெட்ரோலில் எத்தனால் கலக்க ஆரம்பித்ததிலிருந்து இந்த ரப்பர்கள் எல்லாம் சீக்கிரம் போகின்றன என்று அவருக்கு ஒரு வருத்தம் இருந்தது. நாட்டில் பத்து சதவீதக் கலப்பு 2022 ஜூனில் வந்தது, இப்போது இருபது. இந்த மிஷினோடு வந்த கையேட்டில் பத்துக்கு மேல் கூடாது என்று போட்டிருக்கிறது. எத்தனாலுக்குப் பழைய ரப்பரோடு ஒத்துவராது என்பது சரிதான். ஆனால் ஏழு வருஷ ரப்பருக்கு எத்தனால் இல்லாமலும் வயசாகும். அன்றைக்கு நான் யார் மேலும் பழியைத் தூக்கிப் போடும் நிலையில் இல்லை.

சாயங்காலம் வந்து அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தேன். பழைய குழாயை அவர் கையில் கொடுத்தேன்.

"அப்பா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. ஒழுவுனது இதுலதான்."

அவர் அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தூரமாகப் பிடித்துப் பார்த்தார். வளைக்கவும் செய்தார். கையோடு சேர்ந்து குழாயும் ஆடியது. கீறலில் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

"இது எத்தன நாளா இப்புடி?"

"அப்பவே இருந்துருக்கும்ப்பா."

ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ம். நானும் இதாத்தான் இருக்கும்னு நெனச்சேன். நீ பாத்துட்டியேன்னு விட்டுட்டேன்" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. அதற்கு என்னிடம் பதில் இருந்திருக்கும்.

*

புதுக் குழாயை மாட்டுவது சொல்லுமளவுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் அரை நாள் பிடித்தது. கழுத்தில் ஒரு துளி ஆயில் தடவி, டேங்கின் வெளியிலிருந்து உள்ளே திணித்து, மூக்குக் கொறடால் உள்ளிருந்து வாங்கி, கழுத்துப் பள்ளம் ஓட்டையின் விளிம்பில் 'டப்' என்று உட்காரும்வரை விடக்கூடாது. உட்கார்ந்ததா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். முனையில் இருக்கும் பெட்ரோல் ஃபில்டரையும் புதிதாகப் போட்டேன். மறுபடி கழுவல், மறுபடி திருநீறு, மறுபடி டேங்கை நிரப்பி அதே வெயில், அதே பன்னிரண்டு மணி. ஒரு மணி நேரம் பக்கத்திலேயே குடை பிடித்து உட்கார்ந்திருந்தேன். கோடு விழவில்லை. கேப்பைத் திறந்தால் 'உஸ்' என்றது. அழுத்தம் இருக்கிறது, ஒழுகல் இல்லை. அன்றைக்கு வந்த இரண்டு ஆபீஸ் அழைப்புகளை எடுக்கவில்லை.

பாதி பூவரசு இன்னும் பாதையில் கிடந்தது. சோதனைக்கு ஊற்றியதை வடித்துவிட்டு, அடுத்த நாள் காலையில் மிஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். தோப்பு வரை மெதுவாக வந்தார். வந்தவர், "பாட்டிலக் குடு" என்றார்.

அவர் பெட்ரோல் ஊற்றி நான் பார்த்ததில்லை. இதுவும் அப்போதுதான் உறைத்தது. அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு அவர் ஊற்றுவதை ஒரு தடவைகூடப் பார்க்காமலேயே அவர் சிந்துகிறார் என்று முடிவு செய்திருந்தேன். ஒரு செங்கல்லைப் போட்டு உட்கார்ந்தார். மிஷினைக் கேப் மேலே வரும்படி இரண்டு பாதங்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார். புனலை வைத்து, பாட்டிலின் வாயைப் புனலின் விளிம்பில் ஊன்றி, வலது முழங்கையை முழங்காலில் பதித்து, இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் பாட்டிலும் புனலும் மிஷினும் காலும் எல்லாம் சேர்ந்தே ஆடின. ஒன்றுக்கொன்று விலகவில்லை. உள்ளே போக வேண்டியது உள்ளே போனது. இதை அவர் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

பாட்டிலை எடுக்கும்போது மட்டும் இரண்டு சொட்டு வெளியே விழுந்தது. இரண்டு வருஷத்தில் நடுக்கம் கூடித்தான் இருக்கிறது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சிந்திருச்சு."

"காஞ்சுரும்ப்பா."

தோள் துண்டை எடுத்து, டேங்கை அழுந்தத் துடைத்து, கேப்பை மூடி, அவரே ஒரு தடவை திருகிப் பார்த்துவிட்டு, "மூணு எட்டு தள்ளிப் போ" என்றார். போனேன். நாலாவது இழுப்பில் பிடித்தது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் செயின் நின்றது, அப்படியே இன்ஜினும் நின்றது. மறுபடி இழுத்தேன். மறுபடி நின்றது. குழாயை மாட்டியதில் எதையோ கெடுத்துவிட்டேன் என்று வயிற்றில் ஒரு பயம். ஏர் ஃபில்டர் மூடியைத் திறக்கப் போனேன்.

"அத ஏன் தொறக்குற?" என்றார் அப்பா. "ஸ்லோவ கொஞ்சம் ஏத்து. அப்பக் கத்துதேன்னு நான்தான் எறக்கி வச்சிருந்தேன்."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

"எந்தப் பக்கம்ப்பா?"

"வலது பக்கம். அரைச் சுத்து போதும்."

அரைச் சுற்று திருப்பிவிட்டு இழுத்தேன். பிடித்தது. அப்பா தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்து நின்றார். இன்னும் கொஞ்சம் என்று கட்டைவிரலை அசைத்துக் காட்டினார். நடுக்கமா சைகையா என்று ஒரு வினாடி குழம்பி, அப்புறம் புரிந்து, ஒரு நூல் அளவு திருப்பினேன்.